மழைக்கு முன்பே வந்து போனவர்கள்: கொழும்பில் சுகாதார அலுவலகங்களுடன் எமது அனுபவங்கள்

வெல்லம்பிட்டியிலிருந்து ஓர் ஆசிரியை:

2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது, நான் கற்பித்த பாடசாலையின் மேல்மாடி சில நாட்களுக்கு நலன்புரி நிலையமாக இருந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து மலசலகூடங்களை எண்ணி, தண்ணீர்த் தாங்கியின் கொள்ளளவைக் கேட்டு, எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டு போனார். டெங்குச் சோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, நாங்கள் பூச்சாடித் தட்டுகளிலிருந்த நீரை அவசர அவசரமாகக் கவிழ்த்தது இன்றும் சிரிப்பை வரவழைக்கிறது. வெள்ளம் வந்த இரவில்தான் அந்தக் கொப்பியின் பொருள் எங்களுக்கு விளங்கியது. ஒரு மலசலகூடத்தை 20 பேருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்ற கணக்கை வைத்துக்கொண்டு, எங்கள் பாடசாலைக்கு எத்தனை பேரை அனுப்பலாம் என்பதை அவர் முன்பே தீர்மானித்திருந்தார். அந்த எண்ணிக்கையைத் தாண்டியதும், வந்துகொண்டிருந்த குடும்பங்களை மேட்டுப்பாங்கான இன்னோர் இடத்துக்குத் திருப்பிவிடும்படி கிராம சேவையாளரிடம் கேட்டுக்கொண்டார். அப்போது சிலர் அவரைத் திட்டினார்கள், நானும் மனதுக்குள் திட்டினேன்.

அவரைவிட என் நினைவில் நிற்பவர், நாங்கள் 'மிட்வைஃப் மிஸ்' என்று அழைக்கும் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். மறுநாள் காலை, முழங்கால் அளவு சேற்று நீரில் நடந்து வந்த மிட்வைஃப் மிஸ்ஸின் கையில், பொலித்தீன் பையில் சுற்றப்பட்ட ஒரு பெரிய பதிவேடு மட்டுமே இருந்தது. அவர் யாரையும் புதிதாகக் கணக்கெடுக்கவில்லை. எந்த வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு அந்த மாதம் தடுப்பூசி நாள் என்பதெல்லாம் அதில் ஏற்கெனவே இருந்தன. பெயரை வாசித்து, முகத்தைத் தேடி, காணாதவர்களைப் பற்றி அயலவர்களிடம் கேட்டார். அப்படிக் காணாமற்போயிருந்த ஒரு கர்ப்பிணி, உறவினர் வீட்டின் மேல்தட்டில் தங்கியிருந்தார். அவரைப் படகில் இறக்கிக் காசல் வீதி மகப்பேற்று வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தார்கள்.

நீர் வடிந்த பின்னர் கிணறுகளை இறைத்துக் குளோரின் இட்டார்கள். சேற்றில் இறங்கித் துப்புரவு செய்தவர்களுக்கு, எலிக்காய்ச்சலைத் தடுப்பதற்காக வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பின்னர் எடுக்கும்படி கொடுத்தார்கள். கர்ப்பிணிகளையும் சிறு பிள்ளைகளையும் அதிலிருந்து கவனமாக விலக்கினார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு கணக்காளர்:

ஆசிரியை குறிப்பிட்ட பதிவேட்டில் பெயரே இல்லாதவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் 2017 இல் நான் அப்படிப்பட்டவனாக இருந்தேன். இலங்கை முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவான ஆண்டு அது. நாங்கள் ஏழு பேர் ஒரே வீட்டில் அறைகளை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். ஹட்டனைச் சேர்ந்த நண்பர் ஒருவருக்குக் காய்ச்சல் கடுமையாகி வைத்தியசாலையில் அனுமதித்தபோது, முகவரி கேட்கப்பட்டதும் தேசிய அடையாள அட்டையை நீட்டினார், அதிலுள்ள ஹட்டன் முகவரியே பதிவானது. நோயாளி பற்றிய அறிவித்தல் அவரது முகவரிக்குரிய சுகாதார வைத்திய அதிகாரிக்கே செல்லும் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. ஆகவே அவருடைய அம்மாவின் வீட்டைத் தேடி மலையேறிப் போனார் ஒரு பரிசோதகர். எங்கள் கூரைப் பீலியில் தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பிகள் நிம்மதியாக வளர்ந்தன. முட்டையிலிருந்து நுளம்பாவதற்கு ஏழெட்டு நாட்கள் போதும் என்பதால், சரியான வீட்டுக்கு ஆள் வந்து சேர்வதற்குள் எங்களில் மேலும் இருவர் படுத்துவிட்டோம்.

பரிசோதகரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அனுமதிப் பிரிவில் இருந்தவர், "இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் உண்டு.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தொண்டர்:

பெருமளவிலானோர் ஒரே நேரத்தில் காயமடைந்தால் எப்படிச் சமாளிப்பது என்பதற்கான ஓர் ஒத்திகையில், 'காயமடைந்தவர்' வேடமேற்க என்னையும் அழைத்திருந்தார்கள். உடனடிச் சிகிச்சை தேவைப்படுவோருக்குச் சிவப்பு, சற்றுக் காத்திருக்கக்கூடியவர்களுக்கு மஞ்சள், நடக்கக்கூடியவர்களுக்குப் பச்சை என அட்டை கட்டும் ஒழுங்கு மிக நேர்த்தியாக நடந்தது. என் கையில் தரப்பட்ட குறிப்பு சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதை வாசிக்க எனக்குத் தெரியும். ஆனால் என் அம்மாவுக்குத் தெரியாது என்ற எண்ணம் வந்தவுடன், கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் தமிழில் மட்டுமே பதில் சொல்வதென்று முடிவெடுத்தேன். நெஞ்சு வலிக்கிறது, மூச்சு விடமுடியவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லியும், என் கையில் பச்சை அட்டை கட்டப்பட்டது. கடைசியில், சற்றுத் தள்ளித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் வந்து மொழிபெயர்த்த பிறகே அது சிவப்பாக மாறியது. மீளாய்வுக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, பொறுப்பதிகாரி முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மட்டக்குளியிலிருந்து, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர்:

உங்கள் மூவருக்கும் உள்ளிருந்து சில விளக்கங்கள். கொழும்பு மாநகர எல்லைக்குள் பொதுச் சுகாதாரம் மாநகர சபையின் பொறுப்பு. அதற்கு வெளியே, வெல்லம்பிட்டி போன்ற பகுதிகள் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழ் வருகின்றன. ஆற்றுக்கும் நுளம்புக்கும் இந்த எல்லை தெரியாதாகையால், பக்கத்து அலுவலகத்தின் தொலைபேசி எண்களைச் சரிபார்ப்பதே ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்னர் எனக்குத் தரப்படும் முதல் வேலையாக இருந்தது. இடமாற்றம் பெற்றுப் போனவர்களின் எண்களை அழிக்காமல் விட்டால், நடு இரவில் அனுராதபுரத்திலிருக்கும் ஒருவரை எழுப்ப நேரிடும். ஒருமுறை எழுப்பியும் இருக்கிறோம். அடுத்த வேலை, களஞ்சியத்திலுள்ள வெளிற்றும் தூளைப் பார்ப்பது. பழையதாகிவிட்டால் அதிலுள்ள குளோரினின் வலு குறைந்துவிடும், மூடை நிறைய இருந்தும் கிணறு சுத்தமாகாது.

கணக்காளர் தம்பி சொன்ன அறிவித்தல் எங்களிடையே 'எச் 544' என்று பேசப்படும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் ஏற்பட்டவுடனேயே அதை அனுப்ப வேண்டும் என்பது விதி. அதைக் கொண்டு பரிசோதகர் வீட்டுக்குப் போவார். அவருடைய விசாரணையின் முடிவு வாராந்த அறிக்கையில் சேர்ந்து தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். எங்கோ வழமைக்கு மாறாகக் காய்ச்சல் கூடுகிறது என்று முதலில் தெரிவது அந்தத் தாளில்தான். 2020 இல் கொரோனாத் தொடர்பாளர்களைத் தேடியபோதும் இதே பரிசோதகர்கள், இதே தெருக்கள், பெரும்பாலும் இதே பிழையான முகவரிகள்.

பிழையான முகவரியோடு வரும் எச் 544 படிவங்களை நான் ஒரு தனிக் கோப்பில் சேர்த்து வந்தேன். உரிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, பின்னர் தபாலில் அனுப்பிய ஒவ்வொன்றின் பிரதியும் அதில் இருந்தது. நான் ஓய்வுபெற்ற ஆண்டில், எங்கள் அலுவலகத்திலேயே மிகவும் தடித்த கோப்பு அதுதான்.