காட்டுப்பன்றி வேட்டைக்கு .243 ரைஃபிள் போதுமா, அதைவிடப் பெரிய .308-க்கே போகணுமா?

ரெண்டு மாசமா குழம்பிக்கிட்டு இருக்கேன். லைசென்ஸ், வேட்டை அனுமதி எல்லாம் இருக்கு. சிக்கல் தோட்டாவுலதான்.

கையில இருக்கிறது .223 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து அடுத்த தோட்டாவை ஏத்துறது), குண்டை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழலவைக்கிற குழல். இடம் அடர்ந்த புதர், தூரம் 60-லிருந்து 120 மீட்டர்.

முதல்ல 55 கிரெயின் (குண்டோட எடை அளவு) முழு உறை குண்டு, அதாவது ஈயத்தைச் சுத்தி உலோக உறை போட்டது, போட்டேன். விரியவே இல்ல, ஊசி குத்தின மாதிரி மறுபக்கம் போயிடுச்சு. அப்புறம் அதே எடையில சாஃப்ட் பாயின்ட், அதாவது நுனியில ஈயம் வெளிய தெரியுற, பட்டதும் விரியுற குண்டு. சின்னப் பன்றிகள் நின்ன இடத்துலயே விழுந்துச்சு. ஆனா போன வாரம் 90 கிலோ தேறும் ஆண் பன்றி ஒண்ணு தோள்ல வாங்கிக்கிட்டு ஓடிடுச்சு. இலைமேல நாலு சொட்டு ரத்தம், கொஞ்சம் கறுப்பு மயிர், அவ்வளவுதான். மூணு மணி நேரம் தேடிப் பிடிச்சோம். தோள்மேல இருக்கிற தடிச்ச கவசத் தோலிலேயே குண்டு சிதறிப் போயிருந்தது. அடிபட்ட மிருகத்தை அலையவிட்டது இன்னும் உறுத்துது.

62 கிரெயின் செம்புக் குண்டும் பார்த்தாச்சு. நீளமான குண்டு, இந்தக் குழல்ல நிலையாச் சுழலல; இலக்கு அட்டையில சாவித் துவாரம் மாதிரி பக்கவாட்டுல கிழிச்சிருந்தது.

ஆக, ரைஃபிளையே மாத்தணும். என் வலது தோள்ல பழைய அடி, அதனால சுடும்போது ரைஃபிள் பின்னால தள்ளுற உதைதான் யோசிக்க வைக்குது.

பெரிய ஆண் பன்றியோட தோளை .243-ல 100 கிரெயின் சாஃப்ட் பாயின்ட் நம்பகமாத் துளைக்குமா, இல்ல .308-ல 150 கிரெயினுக்கே போயிடணுமா?