டிஷ்வாஷரில் தண்ணீர் சூடாவதில்லை: ஹீட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு டிஷ்வாஷர் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சில வாரங்களாக அதில் கழுவிய எவர்சில்வர் தட்டுகளை விரலால் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறது. குழம்புச் சட்டியின் விளிம்பில் மஞ்சள் கறை அப்படியே நிற்கிறது. சோப்பு மாத்திரையோ பாதி கரைந்து, குழகுழவென்று அடித்தளத்தில் கிடக்கிறது. முன்பெல்லாம் கழுவி முடிந்ததும் கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கும். இப்போது பாத்திரங்கள் குளிர்ந்து, நீர் சொட்டச் சொட்ட இருக்கின்றன. 70 டிகிரி புரோகிராமில் வைத்தாலும் இதே நிலைதான், நேரம் மட்டும் கூடுதலாக ஆகிறது. திரையில் பிழைக்குறி எதுவும் வரவில்லை.

பார்க்க வந்த பழுதுபார்ப்பவர், இயந்திரத்தைத் திறக்காமலேயே ஹீட்டர் போய்விட்டது என்றார். இந்த மாடலில் ஹீட்டரும் பம்பும் ஒரே பாகமாம். அவர் சொன்ன விலை, புதிய இயந்திரத்தின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது. அவ்வளவு பணம் கொடுப்பதற்கு முன், பழுது ஹீட்டரில்தானா என்று உறுதி செய்துகொள்ள வழி உண்டா? கீசரிலிருந்து வெந்நீர்க் குழாயை இணைத்துவிட்டால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், அது சரியா? எங்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் வருகிறது.

பதில்: ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

அம்மா, கீசர் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்க வீடுகளில் டிஷ்வாஷரை வெந்நீர்க் குழாயில்தான் இணைப்பார்கள். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட் என்பதால் ஹீட்டரின் திறனும் குறைவு. ஆகவே அந்நாட்டு வீடியோக்களில் சொல்லப்படும் தீர்வுகள் பல நம் இயந்திரங்களுக்குப் பொருந்துவதில்லை. இங்கே விற்கப்படுபவை பெரும்பாலும் குளிர்ந்த நீரை எடுத்துக்கொண்டு, உள்ளேயே 1800 முதல் 2400 வாட் வரையிலான ஹீட்டரால் சூடாக்குபவை. கீசர் நீரைக் கொடுத்தால் பிசுக்கு ஓரளவு குறையலாம். பழுது அப்படியே இருக்கும்.

ஹீட்டருக்கு மின்சாரம் போகிறதா என்பதை இயந்திரத்தைத் தொடாமலே கண்டறியலாம். உங்கள் வீட்டு மின்மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 2000 வாட் ஓடும்போது பத்து விநாடியில் ஏறத்தாழ 18 முறை மின்ன வேண்டும். பம்பு மட்டும் ஓடி, அது 80 வாட் எடுத்தால், ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய 14 விநாடி ஆகும். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், மின்விசிறி அனைத்தையும் நிறுத்திவிட்டு, 70 டிகிரி புரோகிராமைத் தொடங்குங்கள். முதலில் வரும் முன்கழுவல் குளிர்ந்த நீரில் நடக்கக்கூடும் என்பதால் அதை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. மாத்திரைப் பெட்டி திறந்துகொண்ட பிறகு கால்மணி நேரமாவது பாருங்கள். நான்கு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் ஹீட்டருக்குக் கணக்குப்படி ஐந்து நிமிடம் போதும், ஆனால் பாத்திரங்களும் இயந்திரத்தின் உட்சுவரும் சூட்டை உறிஞ்சுவதால் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

மின்னழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் ஹீட்டரின் திறன் ஏறத்தாழ 60 விழுக்காடாகக் குறைந்துவிடும்.

கேட்டவரின் பதில்: வேளச்சேரி வாசகி

மிக்க நன்றி, ஐயா. நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தோம். மீட்டரில் 3200 என்றுதான் இருக்கிறது. மாத்திரைப் பெட்டி திறந்த சத்தம் கேட்ட பிறகு கால்மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்தோம். விளக்கு ஒருமுறை மின்னிவிட்டு அடுத்தது மின்னப் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடி ஆயிற்று, ஒருமுறைகூட வேகம் கூடவில்லை. மின்னழுத்தம் 225 வோல்ட்டுக்குக் குறையவில்லை. அப்படியென்றால் ஹீட்டர் போய்விட்டது என்பது உறுதிதானே?

பதில்: கோவை பழுதுபார்ப்பாளர்

இல்லை அம்மா. ஹீட்டரில் மின்சாரம் ஓடவில்லை என்பது மட்டுமே இதனால் உறுதியாகிறது. அது ஹீட்டரின் உள்ளே அறுந்ததாலா, அல்லது அதற்கு முன்பே எங்கோ தடைபட்டதாலா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அளக்காமல் அந்தப் பாகத்தை வாங்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஹீட்டர் நன்றாக இருந்தும் அதைக் கழற்றிப் போட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வடிகட்டி. பம்போடு சேர்ந்த ஹீட்டருக்குள் போதிய வேகத்தில் நீர் ஓடினால்தான் மின்சாரம் கொடுக்கும்படி பல மாடல்களை அமைத்திருக்கிறார்கள். நீரின்றிச் சூடானால் அது எரிந்துபோகும் என்பதே காரணம். நம் சமையலில் கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் வடிகட்டியைத் தாண்டிப் பம்பின் வாய்க்குப் போவதுண்டு. தண்ணீர் சூடாகாத இயந்திரத்தில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும்: நெய்யும் எண்ணெயும் கரையாமல், மஞ்சள் நிறத்தில் மெழுகுபோல நுண்வடிகட்டியின் கண்களை அடைத்து, நீரோட்டத்தை மேலும் குறைக்கும். ஆகவே வடிகட்டியைக் கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, மீட்டர் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். சுழலும் கைகளில் உள்ள துளைகளையும் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். நீர்க்குழாயின் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அதன் பிறகும் மாற்றமில்லையென்றால் இயந்திரத்தைத் திறக்க வேண்டும். இதை வீட்டில் செய்ய வேண்டாம். தெரிந்த ஒருவரை அழைத்து, உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். பிளக்கை உருவிவிட்டு, ஹீட்டரின் இரு முனைகளிலும் வயரைக் கழற்றியபின் மல்டிமீட்டரை வைத்தால் 20 முதல் 30 ஓம் வரை காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் ஹீட்டர் அறுபடவில்லை. முடிவற்ற ஓம் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது அதோடு சேர்ந்த வெப்பத் தடுப்பு (அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தை நிறுத்தும் பாகம்) துண்டித்திருக்கிறது. ஒரு முனைக்கும் உலோக உடலுக்கும் இடையில் தொடர்பு எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருக்கும், உங்கள் வீட்டில் அது விழுவதாகத் தெரியவில்லை.

அடுத்தது வெப்பநிலை சென்சார். பெரும்பாலானவற்றில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 60 டிகிரியில் ஏறத்தாழ இரண்டரை கிலோ ஓம் காட்டும். தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருப்பதாகச் சென்சார் தவறாகச் சொன்னால், போர்டு (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) ஹீட்டரை இயக்காது, பிழைக்குறியும் வராமல் போகலாம். ஆனால் உங்களுக்கு நேரம் கூடுகிறது என்பதால், சூடு ஏறட்டும் என்று போர்டு காத்திருக்கிறது என்றே நினைக்கிறேன். சென்சார் மீது எனக்குச் சந்தேகம் குறைவு.

கடைசியாக, போர்டில் இருக்கும் ரிலே, அதாவது ஹீட்டருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச். ஒவ்வொரு கழுவலின்போதும் எட்டு, ஒன்பது ஆம்பியர் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதன் கால்களைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று நாளடைவில் விரிசல் விடும். நான்கு ஆண்டு ஓடிய இயந்திரத்தில் ஹீட்டருக்கு முன்பாக நான் இதைத்தான் சந்தேகிப்பேன்.

பதில்: தாம்பரம் குடியிருப்பாளர்

ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதையும் விட்டுவிடக் கூடாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம் என்றும், மாற்று நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. டிஷ்வாஷர்கள் பலவற்றில் கடினத்தன்மை ஜெர்மன் டிகிரியில் குறிக்கப்படுகிறது. ஒரு டிகிரி என்பது 17.8 மில்லிகிராம், ஆக 600 என்பது 33 டிகிரிக்கும் மேல். இயந்திரத்தில் அதற்கேற்ற அளவை அமைக்காமல், நீரை மென்மையாக்குவதற்கான டிஷ்வாஷர் உப்பை மட்டும் நிரப்பினால் பயன் குறைவு. ஹீட்டரின் மேல் சுண்ணாம்பு படிந்தால் சூடு நீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கி, வெப்பத் தடுப்பு துண்டித்துவிடும். சமையல் உப்பைப் போடாதீர்கள்; அதில் சேர்க்கப்படும் கட்டிபிடிக்காப் பொருள், நீரை மென்மையாக்கும் பகுதியைக் கெடுத்துவிடும்.

கேட்டவரின் பதில்: வேளச்சேரி வாசகி

வடிகட்டியைச் சுத்தம் செய்தபின் நீர் பீய்ச்சும் சத்தம் கூடியது, ஆனால் மீட்டர் விளக்கின் வேகம் மாறவில்லை. எனவே வேறொரு பழுதுபார்ப்பவரை அழைத்து, இங்கே எழுதியிருந்த வரிசையிலேயே அளக்கச் சொன்னோம். ஹீட்டர் 25 ஓம் காட்டியது; சென்சார் 8.7 கிலோ ஓம். பிறகு போர்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். ரிலேயின் ஒரு காலைச் சுற்றி, மயிரிழை போல ஒரு கருவளையம் தெரிந்தது; விரலால் ரிலேயை அசைத்தபோது அந்தக் காலும் அசைந்தது. ரிலேயை மாற்றிப் புதிதாகப் பற்றவைத்தார். முதலில் சொல்லப்பட்ட தொகையோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு மிகச் சிறியது. இப்போது மீட்டர் விளக்கு விடாமல் மின்னுகிறது, மாத்திரையும் முழுதாகக் கரைகிறது. இருவருக்கும் எங்கள் நன்றி. இதே பழுது திரும்ப வராமலிருக்க நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில்: கோவை பழுதுபார்ப்பாளர்

நல்ல செய்தி அம்மா. போர்டிலிருந்து ஹீட்டருக்குப் போகும் வயரின் இணைப்பு முனை பழுப்பேறியிருக்கிறதா என்று அவரையே இன்னொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த முனை சூடானால், அந்தச் சூடு போர்டுக்கும் ஏறும்; பழுப்பாக இருந்தால் புதிய முனை போட்டு இறுக்கிவிட வேண்டும். பிளக் 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகப்பட்டிருக்கட்டும், நீட்டிப்பு வயர் வேண்டாம். தாம்பரம் நண்பர் சொன்ன கடினத்தன்மை அளவை அமைத்த பின், டிஷ்வாஷருக்கென்று விற்கும் சுண்ணாம்பு நீக்கியைப் போட்டு, பாத்திரம் எதுவும் வைக்காமல் ஒருமுறை 70 டிகிரியில் ஓட்டிவிடுங்கள்.