அம்பாசடருக்குப் பாம்பனில் கிடைத்த செம்பு வாஷர்

அப்பா ராமநாதபுரம் ரயில் நிலைய வாசலில் வாடகைக்கு ஓட்டிய மார்க் 4 அம்பாசடர் இப்போது என்னிடம் இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். 1988-ல் பாம்பன் சாலைப்பாலம் திறந்ததிலிருந்து ராமேசுவரத்துக்கு எத்தனை சவாரி போயிருக்கும் என்று கணக்கே இல்லை. போன வருடம் ஏப்ரல் கடைசியில் ஆயில் மாற்றினேன். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

கழற்றிப் பார்த்தால், போல்ட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷரில் போல்ட் அழுத்திய வட்டம் பள்ளமாகவே பதிந்திருந்தது. டவுனில் நாலு கடை ஏறி இறங்கினேன். 2014-ல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றதிலிருந்து, வண்டி பெயரைச் சொன்னதுமே கையை விரிக்கிறார்கள். ஒரு கடையில் இரும்பு வாஷரைக் கொடுத்து டெஃப்லான் டேப் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. டேப் பிசிறு உள்ளே போனால் ஆயில் போகும் வழியை அடைத்துவிடும். செம்பு நசுங்கி மேடுபள்ளத்தை நிரப்புவதால்தான் ஆயில் நிற்கிறது, இரும்பு அப்படி நசுங்காது.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதும் அப்போதுதான். பாம்பனுக்குப் போய் ஒரு படகு மெக்கானிக் அண்ணனிடம் வாஷரைக் காட்டினேன். விரலால் வளைத்துப் பார்த்தார், வளையவில்லை.

"செம்பு இறுகிப்போச்சு தம்பி. தீயில காட்டுனா இளகிரும். ஆனா இதுல பள்ளம் விழுந்துருச்சு, வேணாம்."

டீசல் பைப்புக்குப் போடும் வாஷர் டப்பாவைக் கவிழ்த்தார். என் பழைய வாஷரை அளக்கப் போனபோது தடுத்தார். நசுங்கியதை அளந்தால் தடிமன் குறைத்துக் காட்டுமாம். வெர்னியர் அளவுகோலைப் போல்ட் மரையிலும் தலையிலும் வைத்து அளந்து ஒன்றைப் பொறுக்கினார். அதைக் கம்பியில் கோத்துத் தீயில் காட்டியதும் முதலில் நீலமும் ஊதாவுமாக நிறம் ஓடியது, அப்புறம் மங்கிய சிவப்பு. தண்ணீரில் போட்டதும் கருப்புச் செதில் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாகச் செம்பு. கண்ணாடித் துண்டின் மேல் ஜீரோ எமரித் தாள் (நைசான உப்புத்தாள்) வைத்து இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார், டீ மட்டும் குடித்தோம். இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.

பின்னூட்டத்தில் தேவிபட்டினத்துக்காரர்: நல்ல தகவல் அண்ணே. என் பத்மினி காரின் வடிக்கும் போல்ட்டுக்கு, இரும்பு வளையத்துக்குள் ரப்பர் ஒட்டிய வாஷர் போட்டிருந்தேன். ஒழுகாமல்தான் இருந்தது. ஆனால் வீடு கடலை ஒட்டி. இரண்டாவது மழைக்காலத்தில் வளையம் துருவேறி ரப்பர் பிரிந்துவிட்டது. நானும் செம்புக்கே மாறிவிட்டேன். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்கும் செம்பு போடலாமா?

என் பதில்: போடாதீர்கள் தம்பி. அம்பாசடரில் அந்தக் கவரைப் பிடிக்கும் இரண்டு நட்டுக்கும் அடியில் ரப்பர்தான். அது காய்ந்து கட்டையானால் கவர் ஓரம் ஆயில் கசியும். அதற்காக நட்டை முறுக்கினால் தகடு வளைந்துவிடும், ரப்பரைத்தான் மாற்ற வேண்டும். என்னுடையதும் இப்போது காய்ந்துவருகிறது. கீழக்கரைப் பக்கம் நல்ல ரப்பர் கிடைக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.