பையில் அச்சிட்ட அளவும் எங்கள் நாயின் எடையும்
கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்த ஓராண்டுக்குள் எங்கள் பெண் நாயின் எடை 16 கிலோவிலிருந்து 20 கிலோவாக ஏறியிருந்தது. தினமும் கண்ணெதிரே இருந்ததால் நான் அதைக் கவனிக்கவில்லை. கால்நடை மருத்துவர் என் விரல்களை அதன் விலாவில் வைத்துத் தடவச் சொன்னபோதுதான், எலும்பு தட்டுப்படுவதற்கு முன்பே விரல் கொழுப்பில் அமிழ்வது தெரிந்தது. தைராய்டுக் குறைபாடு இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே அவர் கலோரிக் கணக்குக்கு வந்தார்.

ஓய்வு நிலையில் நாய்க்குத் தேவைப்படும் ஆற்றலைச் சாதாரணக் கால்குலேட்டரிலேயே கணக்கிடலாம். 16-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 4096. அதற்கு அடுத்தடுத்து இருமுறை வர்க்கமூலம் எடுத்தால் 64, பிறகு 8. அதை 70 ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு 560 கிலோகலோரி. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6 ஆலும், செய்யாத நாய்க்கு 1.8 ஆலும் பெருக்குவது வழக்கம். எடை குறைய வேண்டிய நாய்க்கு அந்தப் பெருக்கலே கிடையாது. கணக்கையும் இப்போதைய எடைக்குப் போடாமல், அடைய வேண்டிய எடைக்கே போட வேண்டும் என்பதை அவர் இருமுறை வலியுறுத்தினார்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசை எடுத்தபோதுதான் தவறு எங்கே நடந்தது என்பது புரிந்தது. 100 கிராம் கொள்ளும் என்று நான் நம்பியிருந்த கோப்பையைக் குவித்து அள்ளியதால், வேளைக்கு 130 கிராம் உலர் உணவு தட்டில் விழுந்துகொண்டிருந்தது. 100 கிராமுக்கு 350 கிலோகலோரி என்று பையில் இருந்தது. ஆக, இரண்டு வேளைக்கு 910. ஆளுக்கொன்றாக நாங்கள் கொடுத்த பிஸ்கட்டுகள் இந்தக் கணக்கிலேயே சேரவில்லை.

தின்பண்டங்கள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதால், அதற்கு 56 ஒதுக்கி, மீதி 504-க்கு 144 கிராம் உணவை நிறுத்துக் கொடுத்தோம். முதல் வாரங்களில் காலித் தட்டை நக்கியபடி அது என்னை நிமிர்ந்து பார்த்தது மனத்தை மிகவும் வருத்தியது. வாரத்துக்கு 200 கிராம் அளவில் குறைந்து, 16 கிலோவை எட்ட ஐந்து மாதங்கள் ஆயின.

அதன் பிறகு சூத்திரப்படி 896 கொடுத்தோம், எடை மீண்டும் ஏறியது. சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்ததில் 780-இல்தான் நிலைத்தது. ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்குக்கூடத் தேவை வேறுபடும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை நிறுத்துப் பார்த்தே உணவின் அளவைத் திருத்துகிறோம்.