சூடேறினால் துடிப்பு கூடுகிறது, வலு குறைகிறது: சிங்கி இறாலின் இதயம் பற்றி ஓர் ஐயம்

கேள்வி (அலைவரிசை):
ஆய்வக வகுப்பில் அமெரிக்கச் சிங்கி இறாலின் இதயத்தைத் தனியே எடுத்து, உப்புக்கரைசல் செலுத்தி, வெப்பநிலையைச் சிறிது சிறிதாக உயர்த்தினோம். துடிப்பு விரைந்துகொண்டே போனது. ஆனால் ஒவ்வொரு சுருக்கமும் மெலிந்துவந்து, ஒரு கட்டத்தில் தாறுமாறாகி நின்றுவிட்டது. குளிர்வித்ததும் மீண்டும் துடித்தது. தசை வெந்து கெட்டிருந்தால் எப்படி மீண்டிருக்கும்?

பதில் (ஒன்பதணு):
தவளையின் இதயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். அங்கே தசையே தாளத்தை உண்டாக்குகிறது. இங்கோ, இதயத்தின் உட்சுவரில் படிந்திருக்கும் ஒரு நரம்பு முடிச்சின் கட்டளைப்படியே தசை சுருங்குகிறது. 1932இல் அலெக்சாண்ட்ரோவிச் என்னும் ஆய்வாளர் விரிவாக விவரித்த அந்த முடிச்சில் இருப்பவை 9 நரம்பணுக்கள்தாம்: சிறியவை நான்கும் தாளமிடுகின்றன, பெரியவை ஐந்தும் தசையை இயக்குகின்றன. ஆகவே நரம்பணுக்களின் தாளம் குலைந்தாலோ, அவற்றின் கட்டளை தசையைச் சென்று சேராவிட்டாலோ, தசை கெடாமலே இதயம் நின்றுவிடும். குளிர்ந்ததும் மீள்வதில் வியப்பில்லை.

வலு குறைவதற்கு, துடிப்புகளுக்கிடையே இதயம் நிரம்பக் கிடைக்கும் நேரம் சுருங்குவது ஒரு காரணம். சூட்டில் தசையின் இழுவிசையும் குறைகிறது. நிமிடத்துக்கு வெளியேறும் குருதி என்பது துடிப்பு எண்ணிக்கையையும் ஒரு துடிப்பில் வெளியேறும் அளவையும் பெருக்கி வருவது என்பதால், எண்ணிக்கையை மட்டும் வரைபடமாக்கிவிட்டு இதயம் நன்றாக உழைத்ததாக எழுதிவிடாதீர்கள். (பல அறிக்கைகளில் நான் திருத்திய பிழை இது.)

பதில் (மீள்நார்):
இதயத்தை நூலால் எவ்வளவு இழுத்துக் கட்டினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உடலுக்குள் அது மீள்தன்மையுள்ள நார்களால் ஒரு குழியில் தொங்குகிறது. சுருங்கும்போது விறைக்கும் அந்நார்கள் பின்னர் அதை இழுத்து விரிக்க, மூன்று இணைத் துளைகள் வழியே குருதி உட்புகுகிறது. அவ்விழுவை நரம்பு முடிச்சும் உணர்ந்து தன் தாளத்தை மாற்றிக்கொள்கிறது. இதற்கு எதிர்த்திசையில், இதயத்தசையில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு முடிச்சை அடக்குகிறது. நூலின் இறுக்கம் மாறியிருந்தால் உங்கள் அளவீட்டில் வெப்பத்தின் பங்கைப் பிரித்தறிய முடியாது.

பதில் (ஆழ்நீர்):
தனித்த இதயத்தைக் கொண்டு உயிருள்ள விலங்கைப் பற்றி முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முழு விலங்கில் துடிப்பைக் கூட்டும் நரம்புகளும் குறைக்கும் நரம்புகளும் மைய நரம்பு மண்டலத்திலிருந்து வருகின்றன. செரோட்டோனின், புரோக்டோலின் போன்ற ஹார்மோன்கள் குருதியோடு வந்து சேர்கின்றன. ஒரு நிழல் கடந்தாலே துடிப்பு சற்றுத் தயங்கக்கூடும். கையில் எடுத்தால் விரையும். நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் மந்தமாகும். மேலும், வெதுவெதுப்பான நீரில் பழகிய விலங்கின் இதயம், குளிர்நீரில் பழகியதைவிட உயர்ந்த வெப்பநிலை வரை தாங்குகிறது. உங்களுடையவை எந்நீரில் இருந்தன?

அலைவரிசை:
குளிர்நீர்த் தொட்டியில் இருந்தவை. நூலின் இறுக்கத்தை நாங்கள் அளக்கவே இல்லை. அடுத்த முறை விசைமானியை இணைத்து, சுருக்கத்தின் அளவையும் சேர்த்துப் பதிவு செய்கிறோம்.