வேலை முடியும்வரை வீட்டிலேயே இருந்தோம்: பாத்ரூம், கிச்சன் இடித்துக் கட்டிய அனுபவங்கள்

மொட்டைமாடி:

12 நாள் என்றார் மேஸ்திரி, 41 நாள் ஆனது. அதற்காகப் புலம்ப வரவில்லை, எல்லார் வீட்டிலும் அதே கதைதான். தூசி, பிரேக்கர் சத்தம், ஹாலில் நிற்கும் கமோடு, அதன்மேல் உட்கார்ந்து டிவி பார்க்கும் பையன் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஒரு செருப்பைப் பற்றி.

பழைய அபார்ட்மெண்ட். மாமியார் அறையை ஒட்டிய பாத்ரூமைத்தான் முதலில் இடித்தோம். சங்கன் (பாத்ரூம் தரைக்கு அடியில் பைப் ஓடுவதற்காகத் தாழ்த்திக் கட்டிய பள்ளம்) முழுக்கத் தோண்டியாகிவிட்டது, ஒன்றரை அடி ஆழம். அவருக்கு 76 வயது. முப்பது வருஷமாக ராத்திரி எழுந்து அதே கதவைத் திறந்து பழகிய கை. பகலெல்லாம் "அத்தை, அந்தப் பக்கம் போகாதீங்க" என்று சொல்லி, கதவுக்குக் குறுக்கே ஒரு ஸ்டூலும் போட்டு வைத்தோம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டூல் இழுபடும் சத்தம். ஓடினேன். அத்தை ஒரு கையால் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரில் சுவிட்சைத் தடவிக்கொண்டிருக்கிறார். சுவிட்ச் போர்டைக் கழற்றி மூன்று நாளாகிறது. ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். இடுப்பைச் சேர்த்துக் கட்டி இழுத்தேன். ரெண்டு பேரும் கட்டிலில் போய் விழுந்தோம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவர் கேட்டது ஒன்றுதான்: "என் செருப்பு எங்கடி?"

பள்ளத்தில் விழுந்திருந்தது. காலையில் எடுக்கலாம் என்று விட்டேன், காலையில் ஆபீஸ் அவசரத்தில் மறந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் செங்கல் ஜல்லி கொட்டி மேலே கான்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒற்றைச் செருப்பை அத்தை தூக்கிப் போட விடவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதன் ஜோடி டைல்ஸுக்கு அடியில். நான் தினமும் அதன்மேல் நின்றுதான் குளிக்கிறேன்.

வடக்குமாசி:

எங்க வீட்ல கிச்சனும் பாத்ரூமும் ஒரே சமயத்துல. ஹால்ல இண்டக்‌ஷன் அடுப்பு, மாடில பாத்திரம் கழுவுறது, ரசத்துல சிமெண்டு வாசம். சரி, அதை விடுங்க.

ஒரு கொத்தனார், ரெண்டு சித்தாள். அதுல ஒரு அக்காவுக்கு நாப்பது வயசு இருக்கும். இடிச்ச டாய்லெட் கழிவையெல்லாம் சிமெண்டு சாக்குல கட்டி மூணு மாடி தலைலயே இறக்குனது அவங்கதான். நாலாவது நாள் அம்மாகிட்ட வந்து மெதுவா, "இன்னொரு பாத்ரூம் இருக்குல்லம்மா, ஒரு நிமிசம் போயிட்டு வந்துரட்டா?"ன்னு கேட்டாங்க. அம்மா, "அது எங்களுக்கே பத்தலம்மா, தெருமுனைல கட்டணக் கழிப்பறை இருக்கு பாரு"ன்னுட்டாங்க. கோபமாவெல்லாம் சொல்லல. வழி சொல்ற மாதிரி சொன்னாங்க.

நான் அஞ்சடி தள்ளி லேப்டாப்போட உக்காந்திருந்தேன். காதுல ஹெட்போன் இருந்துச்சு, பாட்டு ஓடல.

மறுநா மத்தியானம் வெயில் கொளுத்துது. அம்மா எல்லாருக்கும் மோர் கரைச்சுக் குடுத்தாங்க. பெருங்காயம், கருவேப்பிலை போட்ட நல்ல மோர். அந்த அக்கா டம்ளரைத் தொடவேயில்ல. "வேணாம்மா, வீட்டுக்குப் போயிக் குடிச்சுக்குவேன்." அம்மாவுக்கு ஏன்னு புரியல. எனக்குப் புரிஞ்சுச்சு. டம்ளர் நிறைய மோர் அப்படியே திரும்பி உள்ள போச்சு. பாத்ரூம் கட்டி ஒண்ணரை வருசம் ஆச்சு.

முன்னாள் ஓவர்சியர்:

செருப்புக் கதையை எல்லாரும் ரசித்திருப்பீர்கள். எனக்கு வேறு கவலை. முதல் நாள் இரவு செருப்பு விழுகிறது, மறுநாள் மாலைக்குள் கான்கிரீட். அப்படியானால் தண்ணீர் கட்டிச் சோதனை பார்த்தது எப்போது? சங்கனில் வாட்டர்ப்ரூஃபிங் பூசிக் காய்ந்தபின் குறைந்தது 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டும். நம் வீட்டில் நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது, கீழ் வீட்டுக்குப் போய் அவர்கள் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். செங்கல் ஜல்லி தண்ணீரைக் குடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும் சரக்கு. ஒரு இடத்தில் பைப் கசிந்தாலும் பள்ளம் முழுக்க ஊறி, எங்கே கசிகிறது என்றே கண்டுபிடிக்க முடியாமல் அடிக்கும்.

என் சொந்த அனுபவம் என்று பெரிதாக இல்லை. எங்கள் வீட்டில் வேலை நடந்தபோது 9 நாள் எதிர்வீட்டில் குளித்தோம், பதிலுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தோம்.

இனி வேலை தொடங்கப் போகிறவர்களுக்கு. டைல்ஸ் மூடுவதற்கு முன் சுவரில் ஓடும் ஒவ்வொரு பைப்பையும், பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு டவல் ஸ்டாண்டு மாட்ட ட்ரில் போடும்போது அந்தப் போட்டோ உங்களைக் காப்பாற்றும். வெந்நீர் லைனுக்கு சிபிவிசி மாதிரி சூடு தாங்கும் பைப் மட்டுமே. மிச்சமிருக்கிறதே என்று சாதாரண பிவிசி பைப்பைச் செருகுகிற பிளம்பர்கள் இருக்கிறார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். பூச்சு போடுவதற்கு முன் பம்ப் வைத்து பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள். தரை வாட்டம் நானி ட்ராப்பை (தண்ணீர் வெளியேறும் தரைத் துவாரம்) நோக்கிப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது வேண்டும். மேஸ்திரி மட்டப்பலகையை வைத்துக் காட்டினால் தலையாட்டாதீர்கள், ஒரு சொம்பு தண்ணீரை மூலையில் ஊற்றிப் பாருங்கள். ஹாலில் காஸ் அடுப்பைத் தரையில் வைத்து, பக்கத்திலேயே சிலிண்டரையும் நிறுத்திச் சமைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் பரவும்.

ஈரத்துணி:

@வடக்குமாசி, பெற்ற தாயை இங்கே கொண்டுவந்து நிறுத்தி என்ன சாதித்தீர்கள்? அந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நீங்களே "போய்ட்டு வாங்கக்கா" என்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்தது.

ஒரே ஒரு பாத்ரூம் மிஞ்சிய வீட்டில் எல்லாருக்கும் திறந்துவிடுவது எழுதுகிற அளவுக்குச் சுலபமில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அப்போது கீமோ நடந்துகொண்டிருந்தது. கிருமி ஒட்டிவிடுமோ என்று நாங்களே டெட்டால் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவோம். வேலைக்கு வந்தவர்களிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லி, கீழே வாட்ச்மேன் பாத்ரூமுக்கு ஏற்பாடு செய்தோம். அதற்கே அசோசியேஷனில் ஒரு மாமா மூன்று வாரம் எங்களோடு பேசவில்லை. அதனால் மறுப்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சுக்காரர்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

வடக்குமாசி:

சொல்லியிருக்கலாம். சொல்லல. அதைத்தான் எழுதுனேன்.

யீஷூன் 7வது மாடி:

சிங்கப்பூரில் எங்களுக்கு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வந்து இடித்தது. இல்ல மேம்பாட்டுத் திட்டம், 2007இல் அறிவித்தது. புளோக்கில் தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காடு ஆதரித்து வாக்களித்தால்தான் வேலை நடக்கும். அப்பா ஆதரித்தார். அம்மா அதற்காக அவரைப் பத்து நாளும் திட்டினார். கழிவறை இல்லாமல் இருந்ததும் அதே பத்து நாள்தான்.

தற்காலிகக் கழிப்பிடம் ஒன்றைக் கொண்டுவந்து ஹாலில் தடுப்பு கட்டி வைத்தார்கள். சாமி மேடையிலிருந்து நாலு எட்டு. அம்மா மறுபேச்சுப் பேசாமல் முருகனையும் லெட்சுமியையும் பட்டுப்புடவையில் சுற்றிப் படுக்கையறை அலமாரிக்குக் குடிமாற்றினார். தானும் அதை உபயோகிக்கவில்லை. விடிகாலை அஞ்சு மணிக்குத் துண்டும் வாளியுமாக மூன்று புளோக் தள்ளி அத்தை வீட்டுக்கு நடப்பார், நான் துணைக்கு.

ஏழாவது நாள் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே எங்கள் மாடியில் கடைசி வீட்டுச் சீனத் தாத்தா. தோளில் துண்டு, கையில் எங்களுடையது மாதிரியே சிவப்பு வாளி, அதற்குள் சோப்புப் பெட்டி. இருபது வருஷத்தில் நாங்கள் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா தன் வாளியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அவரும் காட்டினார். கீழே போகிறவரைக்கும் மூன்று பேரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். அப்புறமும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பழைய கடப்பாக்கல்:

சுருக்கமா சொல்லிடறேன். எங்க கிச்சன்ல கதவுக்குப் பின்னால இருக்கிற சுவர்ல அம்மா சிலிண்டர் மாத்தற தேதியெல்லாம் பென்சில்ல எழுதுவாங்க. 1991ல ஆரம்பம். வெள்ளையடிக்கிறப்பல்லாம் அந்த ஒரு முழச் சுவரை மட்டும் விட்டுடச் சொல்வாங்க. நடுநடுவுல "40 நாள் வந்தது", "விருந்தாளி", "தீபாவளி" அப்படின்னு ஒண்ணு ரெண்டு வார்த்தை. கடைசித் தேதி 2019 ஆகஸ்ட். அதுக்கப்புறம் சிலிண்டர் மாத்தினது நான், எழுதலை.

டைல்ஸ் ஒட்டறவர் வந்து, "சார், இங்க ஏதோ எழுதிருக்கு, கொத்திரவா?"ன்னு கேட்டார். நான் போன்ல க்ளையண்ட்கூட இருந்தேன். கையை ஆட்டினேன். அப்புறம் வரேன்னுதான் ஆட்டினேன். அவர் சரின்னு எடுத்துக்கிட்டார்.

மொட்டைமாடி:

@முன்னாள் ஓவர்சியர் சார், தண்ணீர் கட்டி வைத்திருந்தார்கள், ரெண்டு நாள். செருப்பு விழுந்ததற்கு முந்தின சாயங்காலம்தான் இறைத்தார்கள். கீழ் வீட்டு மாமி தினமும் மூன்று வேளை கூரையைப் பார்த்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார், அதுவும் ஒரு கொடுமை. என் மாமியார் விழப் பார்த்த கதையில் உங்கள் கண்ணுக்குப் பட்டது ஜல்லிதானா?

கரணைக்காரன் மகன்:

படிச்சிட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். எங்கப்பா கொத்தனார், எங்கம்மா அவர்கூடவே 19 வருசம் சித்தாள். அந்த மோர் விசயம் அப்படியே எங்கம்மா. காலைல கஞ்சி குடிச்சாக்கூட அரை டம்ளர் தண்ணியோட நிறுத்திக்கும். புது பில்டிங்னா எதாவது ஒரு மறைவு இருக்கும், ஆளுங்க குடியிருக்கிற வீட்டு வேலைதான் ரொம்பக் கஷ்டம்னு சொல்லும். ஏன் கஷ்டம்னு சின்னதுல நான் கேட்டதில்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் எங்களையெல்லாம் தள்ளிக்கிட்டு நேரா பின்னாடி ஓடும். தலைல சும்மாடு அப்படியே இருக்கும்.

ஈரத்துணி அக்கா, உங்க அப்பா இப்ப எப்படி இருக்காங்க?

ஈரத்துணி:

நல்லா இருக்கார் தம்பி. நடைப்பயிற்சிக்குப் போகிறார். புது பாத்ரூமில் கைப்பிடி வைத்தது பிடிக்கவில்லையாம், அதில் ஈரத்துண்டைக் காயப் போடுகிறார்.

முன்னாள் ஓவர்சியர்:

நான் வேலையில் இருந்த காலத்தில் 1996ஆம் வருஷத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டம் இருந்தது. வேலைத்தளத்தில் கழிப்பிடம் கட்டாயம் என்று அதில் 33ஆவது பிரிவே இருந்தது. ஆனால் 10 பேருக்கும் குறைவாக ஆள் வைத்தவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. சொந்த வீட்டில் 10 லட்சத்துக்குள் வேலை என்றாலும் பொருந்தவில்லை. அதனால் ஒரு பாத்ரூம், ஒரு கொத்தனார், ரெண்டு சித்தாள் என்ற கணக்கு எந்தக் காகிதத்திலும் வரவில்லை. பெரிய சைட்டுகளில் எஸ்டிமேட்டில் நானே அதற்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன். பில் பாஸ் ஆகும். தகரத் தடுப்பு ஒன்றையாவது தளத்தில் பார்த்தேனா என்றால், குறைவுதான்.

மொட்டைமாடி அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 48 மணி நேரம் கட்டியிருந்தால் சரி. மழைக்காலம் முடிந்ததும் மாமியார் அறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பெயிண்ட் உப்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மொட்டைமாடி:

உப்பியிருக்கிறது.