மறு: ஆக்சிஜன் காற்றில் சேர்ந்த காலத்துக்கு ஒரு சொல்

வணக்கம்.

பூமியின் காற்றில் ஆக்சிஜன் முதன்முதலாகத் தங்கத் தொடங்கிய காலத்தை (ஆங்கிலத்தில் Great Oxidation Event) தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்தவை: மாபெரும் ஆக்சிஜனேற்ற நிகழ்வு, உயிர்வளிப் புரட்சி, ஆக்சிஜன் பேரழிவு. எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

பள்ளி வேதியியலில் ஆக்சிஜனேற்றம் என்றால் இரும்பு துருப்பிடிப்பது போன்ற வினை. அதுவும் நடந்ததுதான். சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் ஒளிச்சேர்க்கையில் வெளிவிட்ட ஆக்சிஜனைக் கடலில் கரைந்திருந்த இரும்பும் எரிமலை வாயுக்களும் வெகுகாலம் பிடித்துக்கொண்டே இருந்தன. ஆனால் நாம் பெயர் தேடுவது அதற்கு அடுத்த கட்டத்துக்கு, அதாவது அப்படிப் பிடிபட்டதுபோக மிஞ்சியது காற்றில் தங்கத் தொடங்கிய கட்டத்துக்கு.

'நிகழ்வு' என்றால் ஒருநாள் கூத்துபோல் ஒலிக்கிறது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இருபது, முப்பது கோடி ஆண்டுகள் நீண்ட மாற்றம் இது. புரட்சி என்ற சொல்லுக்கும் இதே குறைதான். தொடக்கம் எப்போது என்பதைப் பழைய பாறைகளில் உள்ள கந்தகம் காட்டுகிறது. ஆக்சிஜனும் ஓசோனும் இல்லாத காற்றில் புற ஊதாக் கதிர்கள் கந்தக வாயுக்களைச் சிதைக்கும்போது கந்தக ஐசோடோப்களிடையே (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களிடையே) ஒரு தனி விகிதம் உருவாகும். அந்தத் தடம் முந்தைய பாறைகளில் உண்டு, பிந்தையவற்றில் இல்லை. புவிவேதியியலாளர் ஃபார்குவரும் உடன் ஆய்வாளர்களும் இதை 2000இல் வெளியிட்டார்கள்.

ஆக்சிஜனுக்கு உயிர்வளி நல்ல தமிழ்ச்சொல், மற்ற இடங்களில் நானும் எழுதுவேன். இங்கே மட்டும் வேண்டாம். அன்றைய நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது நஞ்சு. மேலும், வளி உயிரைத் தந்த கதையல்ல இது. உயிர் வளியை மாற்றியது, மாறிய வளி எந்த உயிர் எங்கே வாழலாம் என்பதை மாற்றியது. ஆக்சிஜன் மீத்தேனைக் குறைத்து, அதனால் பூமி குளிர்ந்து பனியுகம் வந்தது என்றும் ஒரு கருத்து உண்டு. 'உயிர்வளி' என்று எழுதினால் வாசகர் இந்த இருவழிப் போக்கைத் தவறவிடுவார். பேரழிவு என்பதோ வெறும் ஊகம். எத்தனை நுண்ணுயிர் இனங்கள் அழிந்தன என்று சொல்லப் புதைபடிவச் சான்று இல்லை.

என் பரிந்துரை: ஆக்சிஜன் பெருக்கு. ஆடிப்பெருக்கில் இருக்கும் அதே பெருக்கு. மெல்ல ஏறும், உச்சம் தொடும், வடியவும் செய்யும். அந்தக் காலத்திலும் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் மிக உயர்ந்து, பிறகு இறங்கியிருக்கலாம் என்று கார்பன் ஐசோடோப்களை வைத்துச் சொல்கிறார்கள்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. 80 முதல் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன் மறுபடி கூடியது. முதற்பெருக்கு, இரண்டாம் பெருக்கு என்று இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். 'மாபெரும்' தேவையே இல்லை.

நீரியல் நூல்களில் பெருக்கு வேறு பொருளில் ஏற்கெனவே நிலைத்திருக்கிறதா என்று அத்துறைக்காரர்கள் சொன்னால், அப்புறம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.